பாப்போம் என்றார் அண்ணாச்சி

புனே மகர்பட்டாவில் எங்கள் அலுவலகக் கான்டீன் சாம்பார் தித்திக்கும். ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், இன்னும் நாக்குக்குப் பழகவில்லை. விசாரணைக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள், நாலு நாளாவது அதைச் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால் சொல்லிவைக்கிறேன். தமிழிலேயே எழுதித் தரச் சொன்னதற்கு நன்றி, மேடம். அழைப்புப் பதிவுகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த அலுவலகத்தில் அவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்ள இதுவரை என்னைத் தவிர ஆள் இருந்ததில்லை.

என் பெயர் வசந்தகுமார். இணையதளப் பெயர்களை வாங்கி விற்கும் சந்தை நம்முடையது. ஒருவருக்குச் சொந்தமான பெயரை இன்னொருவர் தன்னுடையது என்று விற்பனைக்குப் போடுவது அடிக்கடி நடக்கும். அதைக் கண்டுபிடித்து நீக்குவது என் வேலை. உரிமையாளரிடம் ஒரு குறியீடு கொடுப்போம். அதை அவர் தன் தளத்தின் அமைப்பில் பதித்துக் காட்டினால், பெயர் அவருடையதுதான் என்று உறுதியாகும். இத்தனை வருடத்தில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. கோப்பைப் பாருங்கள்.

ஜூன் மாதம் ‘பவுன்’ என்ற பெயரை யாரோ விற்பனைக்குப் போட்டிருந்தான். உரிமையாளர் விஷ்ராந்த்வாடியில் குடியிருக்கும் அந்தோணி. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கூப்பிட்டு இந்தியில் ஆரம்பித்தேன். அவர் இந்தியில் திருநெல்வேலி வாடை அடித்ததும் தமிழுக்கு மாறினேன்.

“அட, நம்ம ஆளா நீங்க! நான் எதையும் விக்கப் போடலியே தம்பி. அது எம் மவ பேருல்லா,” என்றார்.

பவுன் என்பது மகளின் வீட்டுப் பெயர். காலேஜில் படிக்கும்போது அந்தப் பெயரில், அப்பாவை உரிமையாளராகப் போட்டு, ஒரு தளம் வைத்திருந்தாள். தாய் மரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளோ புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இருந்தும் அம்மாவுக்காக பைபிள் திருப்பாடல்களைத் தமிழில் வாசித்துப் பதிவுசெய்து தளத்தில் ஏற்றியிருந்தாள். நாற்பத்தொரு பதிவுகள். ழகரம் வரும் இடத்திலெல்லாம் நாக்கு தடுக்கி, சிரித்துவிட்டு, மறுபடி வாசிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் வாகட் பக்கம் ஸ்கூட்டர் விபத்தில் இறந்துபோனாள். அதன்பின் தினமும் காலையில் ஒரு பாடலைப் போனில் கேட்ட பிறகுதான் மரியம்மாள் அடுப்பைப் பற்றவைப்பார்.

நானும் கேட்டேன். அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் போலி விற்பனையை அன்றே நீக்கினேன். பிறகு வாரம் ஒருமுறை அந்தோணி அண்ணாச்சி கூப்பிடுவார். “தம்பி, பேரு பத்திரமா இருக்குல்லா? உங்க பக்கம் மழையா?” என்பார். நாள் முழுக்க மற்ற மொழிகளிலேயே பேசிக் களைத்தவனுக்கு அந்தக் குரல் இதமாக இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு நகைக்கடைக்காரர் அந்தப் பெயரைக் கேட்டு வந்தார். நகைக்கடைக்குப் பவுன் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பாரா என்று கேட்கும்படி என் மேலாளர் ஜெயந்த் சொன்னார். கேட்டேன். “பாப்போம் தம்பி,” என்றார் அண்ணாச்சி.

நம் வீடுகளில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் சைக்கிள் கேட்டபோது என் அப்பா சொன்னது அதுதான். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னால் கேட்டவர் மனம் நோகுமே என்று சொல்வது. மராட்டியில் சொல்லியிருந்தால் ஜெயந்துக்குக்கூட விளங்கியிருக்கும், அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் மறுப்பார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பரிசீலிக்கிறார் என்று.

இதை முடித்துக் கொடுத்தால் குழுத் தலைவர் பொறுப்புக்கு உன் பெயரைச் சொல்கிறேன் என்றார் ஜெயந்த். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அந்த இரண்டு பேரையும்தான் நினைத்தேன். போனவளின் குரலைக் கேட்டுக் கேட்டு எத்தனை நாள் பொழுது விடிவது? யாராவது அதை நிறுத்தத்தானே வேண்டும்.

அந்தோணி என்ற பெயரில் விற்பனைக் கணக்கு ஒன்றை நானே திறந்து, பவுனை அதில் போட்டேன். பிறகு அவரைக் கூப்பிட்டு, மறுபடி யாரோ வேலையைக் காட்டிவிட்டான், பெயரைப் பத்திரப்படுத்த நான் சொல்லும் குறியீட்டைப் பதியுங்கள் என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டு, எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். ஒரு தப்புகூட இல்லை. அப்படியே பதித்தும் விட்டார். இரண்டு நாள் கழித்து, பெயரை மாற்றிக் கொடுக்கச் சம்மதம் கேட்கும் மெயில் அவருக்குப் போயிற்று.

“இங்கிலீஷ்ல என்னமோ போட்டு ஒரு பட்டன் வந்துருக்கு தம்பி. அழுத்தட்டா?”

“அழுத்துங்க அண்ணாச்சி.”

“அழுத்திட்டேன். நீங்க நல்லாருக்கணும் தம்பி.”

மகளின் பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை. பெயர் கைமாறியதும் அதோடு இணைந்திருந்த பழைய தளமும் அழிந்தது, நாற்பத்தொன்றும் போயின. விற்ற பணம் அவர் பெயரில் அப்படியே இருக்கிறது. நான் ஒரு ரூபாய் தொடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மரியம்மாள். அதுவரை அவர் என்னிடம் பேசியதில்லை. வழக்கம்போலத் தளத்தைத் திறந்திருக்கிறார். நகைக்கடை விளம்பரத்தில் ஒரு பெண் குரல் வந்திருக்கிறது.

“தம்பி, வேற யாரோ ஒரு பிள்ள பேசுது. எம் மவளுக்கு இவ்வளவு சுத்தமாத் தமிழ் வராது. அவள எங்க வச்சிருக்கீங்க?”

அண்ணாச்சி போனை வாங்கினார்.

“அவளத் திரும்பக் கொண்டாந்துருவீங்கல்லா தம்பி?”

“பாப்போம் அண்ணாச்சி,” என்றேன்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். போனை வைத்துவிட்டார். அதன்பிறகு கூப்பிடவில்லை. மழை வந்தால் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

விற்பனைக்குப் போட்டது நான். குறியீட்டைப் பதிய வைத்ததும், பட்டனை அழுத்த வைத்ததும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். எல்லா அழைப்புப் பதிவுகளையும் மறுபடி கேட்டுப் பாருங்கள். விற்க மாட்டேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.