பதுங்கறைக்கு ரெண்டாவது வாசல்

…அதத்தானே பதினோரு வருஷமா கத்திக்கிட்டிருக்கேன், இன்ஸ்பெக்டரம்மா! டாங்கி ரோட்டுல வந்தா குழந்தைங்க கையில கொடியக் குடுத்து ஆட்டச் சொல்றாங்க. ஜனங்க பதுங்க எடம் கேட்டா மட்டும் ஒரு கையேடு! மூணு நாளைக்குத் தண்ணி வெச்சுக்கோ, டார்ச் வெச்சுக்கோ, பதட்டப்படாதே. பதட்டப்படாதேன்னு அச்சடிச்சுக் குடுத்தா மனுஷனுக்குப் பதட்டம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க.

தல பத்திரம்! இந்தப் படியில எல்லாரும் இடிச்சுக்குவாங்க.

உங்க மேல கோவமில்லம்மா. நீங்க நெலவறைய அளந்து பாத்து 'பதுங்கறை'ன்னு ஸ்டிக்கர் ஒட்ட வந்தவங்க. ஆனா அந்த ஸ்டிக்கர் எங்க வாசல்ல ஏறியாகணும். இன்னைக்கே. என் வீட்டுக்காரி தானுதேக்கு இடுப்புல இரும்பு வெச்சிருக்கு. போன மாசம் சைரன் ஒத்திகை வந்துச்சா… ஸ்டிக்கர் ஒட்டுன எடம் எது? ஆத்துப் பாலம் தாண்டி, பள்ளிக்கூடம். நாங்க போய்ச் சேர முப்பத்தொரு நிமிஷம். ஒத்திகை முடிஞ்சு வாத்தியாருங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க! "அடுத்த தடவ நீ மட்டும் ஓடிரு"ங்கறா. எப்படிம்மா ஓடுவேன்? ட்ரோன் என்ன, இவ பாலத்தத் தாண்டுற வரைக்கும் மேலயே காத்துக்கிட்டு நிக்குமா?

டிவியில ஒருத்தர் வர்றாரே, பாதுகாப்பு நிபுணராம்! எல்லையில வேலிங்கறாரு, காட்டுக்குள்ள கேமராங்கறாரு, கேட்பாரில்லாத பையப் பாத்தா போன் பண்ணுங்கறாரு. சரிய்யா, பண்றோம். ஆனா நாட்டோட பாதுகாப்பு எங்க ஆரம்பிக்குது? நெலவறையில! எழுதிக்குங்க… வேண்டாமா? சரி. நான் படிச்சது பட்டத்துல இல்ல, துண்டறிக்கையில. அந்தக் காலத்துல, அந்நிய ஆட்சிக்காரன் டாங்கிக்கு முன்னால கைகோத்து நின்னவன் இந்த ரிம்கௌதாஸ். அலீத்துஸ் ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. திட்டுவாங்க, ஆனா தெரியும்பாங்க.

இதோ, இந்த வழி. சுத்தமா இருக்கில்ல? போன வாரம் பாத்திருக்கணும்! மூணாம் மாடி கஸ்பராஸோட வெள்ளரி ஊறுகாய், அறுபது ஜாடி. மில்தாவோட உருளைக்கிழங்கு மூட்டை. யாரோ பனிச்சறுக்குக் கட்டை வேற. "ஊறுகாய் பெருசா, உசுரு பெருசா?"ன்னு நோட்டீஸ் எழுதி மாடிக்கு மாடி ஒட்டிட்டேன்ல! பேர் போட்டு! கஸ்பராஸ் என்கூடப் பேசறத நிறுத்திட்டான். நிறுத்தட்டும். நாட்டுக்காக ஒரு சிநேகிதம் போனா என்ன?

என்னம்மா… ரெண்டாவது வாசல் இருந்தாத்தான் ஸ்டிக்கரா? இருக்கே! பழைய வரைபடத்துலயே இருக்கு. அந்த ஆட்சிக்காரங்க நம்ம வாயத்தான் அடைச்சாங்க, வாசல அடைக்கல. அதோ, கடைசியில அந்த இரும்புக் கதவு. தொறந்தா நேரா தோட்டத்துல ஏறிரலாம்.

பூட்டா?

பூட்டு… என்னோடதுதான். இருங்க, சாவி இந்தப் பையில… இல்ல, இதுல… அதுக்குள்ள எழுதாதீங்கம்மா. கொஞ்சம் பேனாவ மூடுங்களேன்.

இந்தா, தொறந்துருச்சு. வழிய அடைச்சுக்கிட்டு நிக்குதே, அது ஒண்ணுமில்ல. யாரும் புழங்காத வழி. ஈரம் கெடையாது. காகிதம் வெக்க இத விட நல்ல எடம் எங்க கெடைக்கும்? நாப்பத்தேழு கட்டு துண்டறிக்கை. எல்லாம் என் கையால எழுதுனது. குடுக்கத்தான் இருந்தேன்… மொதல்ல மழை, அப்புறம் முட்டி வலி, அப்புறம் தானுதேயோட ஆபரேஷன்…

அய்யோ, அதப் பிரிக்காதீங்க! தலைப்பா? …ஆமா. நீங்க படிச்சது சரிதான். "மக்களுக்கும் பதுங்கறைக்கும் நடுவுல மறிச்சு நிக்கிறது யாரு?"

…அது அரசாங்கத்தக் கேட்டதும்மா.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சுட்டு அந்தத் தாள்ல மட்டும் "இல்லை"ன்னு போட்டுராதீங்க. பக்கத்துத் தெருவ முடிச்சுட்டு வருவீங்களா? ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள அத்தனையும் வெளிய தூக்கணுமா… நான் ஒருத்தனாவா? சரி, போய்ட்டு வாங்க. தல பத்திரம்.

…

ஏ, கஸ்பராஸ்! கஸ்பராஸ் தம்பி! கொஞ்சம் எறங்கி வாயேன்ப்பா… கேக்குதா? உன் ஊறுகாய் மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாதுய்யா!