நாலு பேருக்கு மூன்று போர்வை

ராத்திரி ரெண்டு மணி. நேர் ரோடு. இந்தப் பக்கம் விளக்கில்லை, அந்தப் பக்கம் வீடில்லை… ஓரத்தில் ஒரு பழைய வேன். உள்ளே மூன்று பேர்.

நம்ம பிளம்பரின் தங்கை புருஷனுக்கு நடந்தது இது. வெல்டர் அவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. உயிரோடு இருக்கிறவன் பேச்சையே நம்ப முடியாத காலம்.

குறைந்த செலவில் நாட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட வேண்டும் என்று நாலு கூட்டாளிகள் திட்டம் போட்டார்கள். வெல்டர், சலூன்காரன், தையல்காரன், அப்புறம் மேப்பு. எல்லா வழியும் மனப்பாடம் என்பதால் அந்தப் பெயர். பட்டறையில் உட்கார்ந்து, மோதிரம் போட்ட விரலால் மேசையைத் தட்டித் தட்டி யோசித்து, ஆறு மாதம் நோட்டில் எழுதியவன் அவன்தான். ரூம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டணும். முறை முடிந்தால் அடுத்தவன் தோளில் ரெண்டு தட்டு. அவன் எழுந்த இடத்தில் இவன் படுக்கணும்.

“நாலு போர்வை எதுக்கு? ஒருத்தன் எப்பவும் ஸ்டியரிங்லதானே? மூணு போதும்” என்றான் மேப்பு.

“கஞ்சப் பயலே! மூச்சைக்கூட முறை வச்சுத்தான் விடுவ போல” என்றான் தையல்காரன்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கையில் மேப்புக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெல்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்னை விட்டுட்டுப் போயிராதீங்கடா.”

“நீ இல்லாம வண்டி ஒரு அடி நகராது. சத்தியம்டா.”

மூன்றாம் நாள் மேப்பு போய்ச் சேர்ந்தான். மற்ற ரெண்டு பேரும் பயணமே வேண்டாம் என்றார்கள். வெல்டர்தான் கிளப்பினான். “லீவு சொல்லியாச்சு. செத்தவன் வந்து கேக்கவா போறான்?” நோட்டைக்கூட மாற்றவில்லை. மேப்பின் முறையையும் வெல்டரே ஓட்டுவதாகப் பேச்சு.

அந்த ரெண்டு மணி, மேப்பின் முறை. அதுவரை ஓட்டிய தையல்காரன் ஓரங்கட்டி, வெல்டரைத் தட்டி எழுப்பிச் சாவியைக் கையில் திணித்தான்.

“அஞ்சு நிமிஷம்…”

சொன்னவன் அப்படியே கண்ணயர்ந்தான். தையல்காரனும் காலியாகக் கிடந்த இடத்தில் சாய்ந்தான்.

வெல்டருக்கு முழிப்பு வந்தபோது… வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சரி, சலூன்காரன் ஓட்டுகிறான் என்று புரண்டான். இடப்பக்கம் சலூன்காரன், குறட்டை. வலப்பக்கம் தையல்காரன். கையை விரித்தான்… சாவி அங்கேயே இருந்தது.

ஆஸ்பத்திரி மருந்து வாடை. முன்னால், ஸ்டியரிங்கில் மோதிரம் தட்டும் சத்தம். டக்… டக்… டக்…

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நாலு மணி, வெல்டரின் முறை. வண்டி நின்றது. தோளில் ரெண்டு தட்டு.

எழுந்தான். வேறென்ன செய்வான்? போய் ஓட்டினான். விடியும்வரை திரும்பவேயில்லை. கண்ணாடியில் மட்டும் ஒருமுறை பார்த்தான். பின்னால் படுத்திருந்தது ரெண்டு பேர். மூன்று போர்வையும் மேடாக இருந்தன.

வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ரயிலில் ஊர் திரும்பினார்கள். இன்றைக்கும் நாலு மணிக்கு வெல்டரின் தோளில் ரெண்டு தட்டு விழுகிறது. எழுந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறான். ஆறு மணிவரை உள்ளே தலைகாட்டுவதில்லை. பொண்டாட்டியிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அவள் நம்ம பிளம்பரிடம் குறைபட்டுக்கொண்டாளாம்…

“இவருக்கு என்னமோ ஆயிடுச்சுண்ணா. நாலு மணிக்கு எந்திரிச்சுப் போறாரு, உடனே திரும்பி வந்து படுத்துக்கறாரு. உடம்பெல்லாம் ஐஸு. ஆஸ்பத்திரி வாடை வேற.”