நர்ஸ் கேட்ட கேள்வி

தங்கை: ...அந்தச் சட்டைக்கு அப்புறம் இஸ்திரி போடேன்க்கா. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

அக்கா: ஸ்டூல்ல உக்காரு. கைதான் தேய்க்குது, காது சும்மாத்தானே இருக்கு.

தங்கை: ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடுச்சு. வயித்துல இருக்கற பிள்ளைக்கு... குறை இருக்கலாமாம்.

அக்கா: என்ன குறை?

தங்கை: பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கணுமாம். ஒண்ணு குறையுதுன்னு காட்டுதாம்... அக்கா, காலர் கருகுது.

அக்கா: கருகட்டும். உன் கையில எடுத்த ரத்தத்துலயா பாத்தாங்க?

தங்கை: ஆமா. அதுலயே பிள்ளையோடதும் கலந்து ஓடுமாம். அத்தை, கலைச்சிடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அந்த மருந்தெல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம் கருவே தங்காதுன்னாங்களே... தங்கினது இது ஒண்ணுதான்க்கா.

அக்கா: அழாத. ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் என்ன கேட்டாங்க?

தங்கை: கட்டி இருக்கா, ஊசி போடுறியா... உனக்கு யாராவது எலும்பு மஜ்ஜை குடுத்திருக்காங்களான்னு.

அக்கா: நீ?

தங்கை: இல்லன்னேன். அத்தை பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. ரத்தப் புற்று வந்து பொழைச்சவ நான்னு தெரிஞ்சா...

அக்கா: உன் வீட்டுக்காரரு?

தங்கை: அவருக்குத் தெரியும். அவங்க அம்மா முன்னாடி அவரு வாயில கொழுக்கட்டை.

அக்கா: அடி அசடே. உனக்குள்ள ஊறுறது என் ரத்தம்டி. என் இடுப்பெலும்புல குத்தி எடுத்தது.

தங்கை: அதான் எனக்கு உன் கோவம் வருது.

அக்கா: சிரிக்காத, கேளு. அந்த முடிவை நம்பிக் கலைச்சிடாத. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லு. வயித்துல பிள்ளையைச் சுத்தி இருக்கற தண்ணியை எடுத்துப் பாப்பாங்க. அதுலதான் பிள்ளையைப் பத்தி நிச்சயமாத் தெரியும்.

தங்கை: உனக்கெப்படி இதெல்லாம்? நீதான் பிள்ளையே வேண்டாம்னு... அந்தச் சண்டையிலதானே மாமா உன்னை விட்டுப் போனாரு?

அக்கா: இரு, இந்தச் சட்டைக் கையையும் தேய்ச்சிடறேன்.

தங்கை: என்னக்கா? இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வை. என்னைப் பாரு.

அக்கா: வேண்டாம்னது பொய்டி, எனக்குப் பிறக்காது. அந்த ஒரு எக்ஸ் குறையுறது எனக்கு. உனக்குக் குடுத்தப்போ யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் டாக்டர் கண்டுபிடிச்சாரு, தங்கச்சி ரத்தத்துலயும் இது தெரியும்னாரு; உன் முடிவுல காட்டினதும் என்னோடதாத்தான் இருக்கும். கேட்டா நீ கலங்குவியேன்னு மூடிவச்சேன்... எழுந்திரு, செருப்பைப் போடு. இந்தத் தடவை நர்ஸுக்கு நான் பதில் சொல்றேன், உன் மாமியார் பக்கத்துலயே இருக்கட்டும்.