துடக்கில்லாதவனின் தாடி

கொக்குவிலில் ரயிலேறிய அண்ணனும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சாவுத் தீட்டான துடக்குக் காப்பவர்களைப் போல இருவர் முகத்திலும் மழிக்காத தாடி. அண்ணனின் மடியில் தாயின் சாம்பல் இருந்த மண்முட்டி. கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோகிறார்கள்.

"ஞானஸ்நானம் எடுத்து வேதக்காரனானவனுக்குத் தாய் செத்தாலும் துடக்கில்லையோ?" என்றார் அண்ணன்.

"இல்லை அண்ணை. நான் இப்ப தேவன்ரை குடும்பம்."

"அப்ப அம்மா ஆரின்ரை குடும்பம்?"

தம்பி கைலேஞ்சித் துணியை முறுக்கினார். "ஞானஸ்நானம் எடுக்காமலே செத்துப்போட்டா. நான் எத்தினை தரம் கேட்டனான்."

"அவவுக்கு இரட்சிப்பு இல்லையெண்டு சொல்லுறாய்."

"நான் சொல்லேல்லை. போதகர் சொல்லுறார்."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். "துடக்கில்லாதவன் ஏன் இன்னும் தாடி மழிக்கேல்லை?"

தம்பி எழுந்து யன்னலடியில் போய் நின்றார். கரித்தூள் முகத்தில் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மல்லாகம் ஸ்டேசன் தாண்டியதும் அண்ணனிடம் கையை நீட்டினார்.

"முட்டியைக் கொஞ்சம் நான் வைச்சிருக்கட்டோ?"

அண்ணன் எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா இல்லாத பரலோகத்திலை நான் ஆரோடை கதைக்கிறது, அண்ணை?"