அவர் சொல்ல வந்தது

இல்ல, நீயே சொல்லும்மா, மனுஷி எத்தனை நாளைக்குத்தான் உப்பில்லாத கஞ்சியையே குடிப்பா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க! ஏன் அப்படிப் பாக்குற? ஓ, சட்டையா... எங்க வீட்டுக்காரரோடது. உள்பக்கம் வெளியே தெரியறாப்லதான் போட்டுக்கணுமாம். பயப்படாத, எனக்கு ஒண்ணும் ஆகல. அவர் போய் ஏழு மாசம் ஆச்சு, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கப் போறேன், அவ்வளவுதான். மாடிக்குப் புதுசா வந்திருக்க, உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

ஆவி கூப்பிடுறவர் ஒருத்தர் இருக்காரு, மருந்துக்கடை மேல. பகல்ல கடிகாரம் ரிப்பேர் பண்றாரு. நான் தாடி, மண்டையோடுன்னு நெனச்சுப் போனா, மனுஷன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மூக்கை உறிஞ்சிட்டிருக்காரு! செத்தவங்களையே வரச் சொல்றவருக்கு ஒரு சளியைப் போகச் சொல்லத் தெரியல பாரு. எங்க விட்டேன்? ஆங்... மூணு நாள் நான் தயாராகணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. உப்பு கூடாது. சட்டையைக் கழட்டக் கூடாது. கண்ணாடியை மூடணும். மூடிட்டு, தலையைக் குத்துமதிப்பா வாரிக்கிட்டுத் திரியறேன். நாலாவதா ஒண்ணு எழுதியிருக்காரு, அதை விடு.

என்ன வாயைத் திறக்குற? எதுக்கு இத்தனை பாடுன்னு கேக்கப் போற, அதானே? இரு, சொல்றேன்.

அன்னிக்குக் காலையில நான் ஜன்னல்கிட்ட நின்னு, அவர் அக்கா பண்ணின கூத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன். இவர் "இந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு. "இருங்க, நான் முடிச்சுக்கறேன்"னேன். கையை நீட்டினாரு. "இருங்கன்னேன்ல!" முடிச்சுட்டுத் திரும்பறேன், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவ்வளவுதாம்மா. முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திட்டு, கடைசியா என்ன சொல்ல வந்தாருன்னு தெரியல. வலிக்குதுன்னா? இல்ல, என் மேல இருந்த பாசத்தையா? நெனச்சா சோறு இறங்க மாட்டேங்குது.

நாலாவதா? விட மாட்டியே நீ... மூணு நாளும் வாயைத் திறக்கக் கூடாதாம். பேசிட்டா மறுபடியும் முதல் நாளாம்! இன்னிக்கா? முதல் நாள்தான். பதினேழாவது முதல் நாள். நான் என்ன பண்ண? பால்காரர்கிட்ட ஏன்யா தண்ணியா இருக்குன்னு கேக்க வேண்டாமா? நேத்து பாரு, மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி இருந்தேன். யாரோ ஒரு பொண்ணு நம்பர் மாறி போன் பண்ணிட்டா. பாவம், மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டு... முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு.

என்ன திரும்பத் திரும்பக் கையை நீட்டுற? எங்க? அடுப்பா? ஐயய்யோ, கஞ்சி கருகுதே! வந்ததும் சொல்றதுக்கென்ன? ...நான் எங்க சொல்ல விட்டேன், அதுவும் சரிதான்.

இரும்மா... அவரும் இப்படித்தான் கையை நீட்டினாரு. அன்னிக்கு அடுப்புல பால் வச்சிருந்தேன். துக்கத்துக்கு வந்தவங்க யாரோ அடிபிடிச்ச பால் சட்டியைத் தேச்சு வச்சுட்டுப் போனாங்க.

பால் பொங்குதுன்னா சொல்ல வந்தாரு?

சொல்லட்டுமே. அதையாவது முழுசா சொல்லி முடிக்கட்டும். நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியமா. நாளையிலேர்ந்து. இன்னிக்குதான் கெட்டுப் போச்சே... உள்ள வந்து உக்காரு, அவர் அக்கா பண்ணின கூத்தைச் சொல்றேன். ஏம்மா... ஏம்மா! கதவைச் சாத்திட்டுப் போகாத, நான் இன்னும் முடிக்கல!