பிரிச்சிடு அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே, மென்பொருள் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை. செய்தி கேட்ட நாளிலிருந்தே வரவில்லை. யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

எங்கள் தலைமை நிரலாளர் மறைந்துவிட்டார். பிரிச்சிடு அக்கா என்றே அவரை அழைத்தோம். ஏன்? உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். அதில் ஒரு வேலைக்கு வேண்டிய தகவலையும் செய்முறையையும் சேர்த்துக் கட்டிவைக்கும் பகுதிக்குக் கிளாஸ் என்று பெயர். ஒரு கிளாஸுக்கு ஒரு பொறுப்பு போதும். நாங்கள் விட்டோமா? ‘நோயாளி’ என்று ஒரு கிளாஸ் வைத்திருந்தோம். பெயர் பதிவதும் அதுதான், படுக்கை ஒதுக்குவதும் அதுதான், பில் போடுவதும் அதுதான், ரத்தப் பரிசோதனை முடிவை வார்டுக்கு அனுப்புவதும் அதுதான்! ஒருநாள் பில்லில் தள்ளுபடிக் கணக்கை மாற்றினோம். வார்டுக்குப் போகவேண்டிய முடிவுகள் நின்றுபோயின. “டாக்டர் காத்துட்டிருக்கார், ரிசல்ட் எங்க?” என்று நர்ஸ் போனில் கேட்டார்.

அக்கா யாரையும் திட்டவில்லை. அந்தக் கிளாஸ் என்ன செய்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லச் சொன்னார். எங்களுக்கு மூச்சு வாங்கியது. எந்தச் செயல்பாடு எந்தத் தகவலைத் தொடுகிறது என்று பலகையில் கோடு போட்டார். பில் பக்கத்துக் கோடுகள் பரிசோதனைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணுக்கொண்ணு பேசிக்காததை எல்லாம் எதுக்கு ஒரே வீட்டுல அடைச்சு வெச்சிருக்கே? பிரிச்சிடு” என்றார் என்னிடம். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் நிரல்களை முதலில் எழுதவைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெயர் ‘மேனேஜர்’ என்று முடிந்தாலே அந்தக் கிளாஸைச் சந்தேகப்படுவார். எல்லா வேலையும் தன்னுடையது என்று அது நினைத்துக்கொள்ளுமாம். மேலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவர் போன மறுநாள் அலுவலகம் போனேன். பில் ஓடியது. பரிசோதனை முடிவு போனது. படுக்கை ஒதுக்கப்பட்டது. எதுவும் நிற்கவில்லை. ஒரு நிரலாளருக்கு இதைவிடப் பெருமை உண்டா? ஆனாலும் ஏதாவது ஒன்று நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், இதையே ஆறுதலாகச் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு, “இங்க எல்லாம் நின்னுபோச்சும்மா” என்றார். அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனது அக்கா. மருந்து எடுத்துவைத்தது அக்கா. மகளின் கல்லூரி விண்ணப்பம், ஓடாத தண்ணீர் மோட்டார், எல்லாம் அக்கா. எங்கள் நிரலில் ஒரு கிளாஸ் இப்படி இருக்க அவர் விட்டிருப்பாரா? தன்னை மட்டும் எப்படி விட்டார்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறவே என்னை மேடையேற்றினார்கள். கூறுகிறேன். நேற்றே பேசி முடித்துவிட்டோம். மருந்துக்கு டேட்டாபேஸ் பார்ப்பவர், விண்ணப்பத்துக்கு டெஸ்டர், டயாலிசிஸுக்கு நான். அண்ணன் அவர்களே, நாளைக் காலை வண்டியோடு வாசலில் நிற்பேன். வழியெல்லாம் அக்கா உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே வருவாராமே. அது எனக்கு வராது. ஊசி எடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.