இருட்டில தெரியிற குறி

இல்லை பிறேமா அக்கா, தேத்தண்ணி வேண்டாம். எழும்பாதேங்கோ, இதிலயே இருங்கோ. நானும் இருக்கிறன்.

ஓம், இவர் வேலையால வந்திட்டார். வந்ததும் வராததுமா அலுமாரியைத் திறந்து, கைத்துவக்கை எடுத்துக் குசினி மேசையில வைச்சார். சீ, களவுத் துவக்கில்லை அக்கா. சுடுற கழகத்தில கனகாலமா மெம்பர், லைசென்ஸ் எல்லாம் இருக்கு. எனக்கோ? பயமில்லை.

துவக்கின்ர பின்பக்கத்துக் குறியை மாத்த வேணுமாம். கண்ணை வைச்சுப் பாக்கிற அந்தச் சின்ன வெட்டு இருக்கெல்லே, அது. கடையில குடுத்தால் செய்து தருவினம், இவருக்கெங்க பொறுமை? நான் புட்டுக்கு மாக் குழைக்கிற மேசையில, சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸைப் பூட்டி, என்ர குசினித் துணியைச் சுத்தி, பித்தளைக் கம்பியை வைச்சுத் தட்டினார். பழசு அசையேல்லை. டொக், டொக், டொக். மகள் கவிசா முழிச்சிட்டாள். அவள் அழ அழ நான் ரோச் லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிடி எண்டால் பிடிக்கிறதுதானே. கொன்வென்ற்றில சிஸ்டர்மார் எங்களுக்கு வேற என்னத்தைப் பழக்கினவை? சிரிக்காதேங்கோ அக்கா.

ஒரு மாதிரிக் கழண்டு விழுந்திது. புதுசைப் போட்டு, நடுவில நிக்குதோ எண்டு அளந்து அளந்து பாத்தார். என்னை ஒருநாளும் அப்பிடிக் கவனமாப் பாத்ததில்லை.

பிறகு லைற்றை நிப்பாட்டச் சொன்னார். அந்தப் புதுக் குறியில ரெண்டு புள்ளி இருட்டில பச்சையா மினுங்கிச்சு. வடிவா இருக்கோ எண்டு கேட்டார். வடிவெண்டு சொன்னன். கழகத்தில பகல் மாதிரி வெளிச்சம் அக்கா, அங்க ஒருத்தரும் இருட்டில சுடுறேல்லை. இது எதுக்கப்பா எண்டு கேட்டன். போய் உன்ர பிறேமா அக்காட்டைக் கேள் எண்டார்.

ஓம், இவருக்குத் தெரிஞ்சிட்டுது. டுசல்டோர்ஃபில எங்கட சனம் கண்டிடுமெண்டு, பான் நகரத்தில டெர்மின் எடுத்து, நேரம் குறிச்சு, என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்களே, பெண்களுக்கு உதவி செய்யிற இடத்துக்கு. திரும்பி வரேக்க அங்கத்தைத் தமிழ்க்கடையில வெண்டிக்காய் வாங்குவமெண்டு நான்தான் நிண்டனான். ஆரோ கண்டு சொல்லிப்போட்டினம். இவர் கத்தேல்லை, அடிக்கேல்லை. சிரிச்சவர்.

நான் சும்மா வரேல்லை அக்கா. கதைச்சுக் கதைச்சு உங்களைப் பல்கணிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர். எங்கட குசினி யன்னல் நேர எதிரிலதானே. லைற்றை அணைச்சுப்போட்டுத் துவக்கோட அங்க இருக்கிறார். அங்கால போகாதேங்கோ. திரைச்சீலையைத் தொடாதேங்கோ.

என்ர போனையும் வாங்கி வைச்சிட்டார். உங்கட போனில பொலிசுக்கு அடியுங்கோ. எனக்கு இப்ப டொச் பாஷை வாயில வராது, நீங்களே கதையுங்கோ. ஒண்டை மட்டும் மறக்காமச் சொல்லுங்கோ, கவிசா அவற்ற மடியில இருக்கிறாள்.